பெருசும் சில்லறையும்

ஜூன் 9

அன்பு அண்ணிக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். அண்ணன் போனில் எல்லாம் சொல்லிவிட்டான். சளி பிடித்திருக்கிறதாம், மருந்து குடிக்கச் சொன்னால் "மீட்டிங் முடியட்டும்" என்கிறீர்களாம். கம்பெனிக்குத் தலைவி ஆகிவிட்டால் சளிகூட மீட்டிங் முடியும்வரை வாசலில் காத்திருக்கும் என்று நினைப்பு. நான் அங்கே இருந்திருந்தால் மூக்கைப் பிடித்து ஊற்றியிருப்பேன்.

உங்களோடு போனில் பேசுவது வீண். அந்த இடது காது மந்தமானதிலிருந்து பாதி கேட்பதில்லை, மீதியை நீங்களே இட்டுக்கட்டிக்கொள்கிறீர்கள். போன தடவை "ஆள் குறைவு" என்றேன். "ஆட்டம் நிறைவு" என்று காதில் வாங்கிக்கொண்டு வாழ்த்துச் சொன்னீர்கள். ஆபீஸ் மெயிலில் எழுதலாம் என்றால் அதை முதலீட்டாளர்களும் படிக்கிறார்கள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

கிளை ஆபீஸ் இன்னும் தையற்கடைக்கு மேல்மாடியில்தான் இருக்கிறது. கீழே மெஷின் ஓட ஆரம்பித்தால் மேலே மேசை நடுங்கும். நம் ஒலிக்காரர் முதலில் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அந்தச் சத்தத்தையே பதிவு செய்து, நம் 'தொலைந்த பொருள் கவுண்டர்' போன் ஆட்டத்தில் ரயில் ஓடும் ஓசையாகப் போட்டுவிட்டார். நீங்களும் நானும் சாப்பாட்டு மேசையில் கிறுக்கிய யோசனை இவ்வளவு தூரம் போகும் என்று யார் நினைத்தோம்? ரயில் நிலையத்தில் ஒரு கவுண்டர். யாரோ விட்டுவிட்டுப் போன குடை, ஒற்றைச் செருப்பு, புல்லாங்குழல். எது யாருடையது என்று கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். போன வாரம் ஒரு லாரி டிரைவர் எழுதியிருந்தார்: "லோடு எறக்குற வரைக்கும் வண்டியிலேயே ஒக்காந்து இதத்தான் வெளையாடுறேன். அந்தக் குடை யாருதுன்னு கண்டுபுடிச்சுக் குடுத்தப்ப அழுதுட்டேன். பசங்ககிட்ட சொல்லிடாதீங்க."

அடுத்த ஆட்டத்துக்கு 'லிஃப்ட்' என்று பெயர். விளையாடுகிறவர்தான் லிஃப்ட். ஏறலாம், இறங்கலாம், கதவைத் திறக்கலாம், வேறொன்றும் முடியாது. அந்தக் கட்டடத்தில் பேச்சுவார்த்தை நின்றுபோன இரண்டு குடும்பங்கள். எந்த மாடியில் கொஞ்சம் தாமதித்தால் அவர்கள் ஒன்றாக உள்ளே வருவார்கள்? யோசனை சுருட்டையுடையது. நம் ஓவியர்தான், பென்சிலைத் தலைமுடியில் செருகிவிட்டு நாள் முழுக்கத் தேடுவாள் என்று சொல்லியிருக்கிறேனே, அவள்.

ஒன்று காதில் விழுந்தது. போர்டில் புதிதாக வந்திருக்கிற அந்தக் கோட்டுக்காரர், நாம் செய்கிற ஆட்டங்களைச் "சில்லறை" என்றாராமே? நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? அதை எழுதுங்கள் முதலில்.

உங்கள்
வாலு


ஜூன் 27

வாலு,

சளி போய்விட்டது. மருந்தால் அல்ல, உன் அண்ணனால். பல் செட்டுக் கட்டுகிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, பாட்டிலும் ஸ்பூனுமாக என் ஆபீஸ் வரவேற்பறையில் வந்து நின்றுவிட்டார். அவமானம் தாங்காமல் குடித்தேன்.

சில்லறை என்று சொன்னது உண்மைதான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் திரையில் படம் போட்டுக் காட்டினார். நாம் வருஷத்துக்கு ஐந்தாறு ஆட்டம் விடுகிறோம். ஒன்று ஓடுகிறது, இரண்டு தள்ளாடுகிறது, மீதி படுத்துவிடுகிறது. அந்தப் பக்கம், உலகம் முழுக்க ஒரே நாளில் இறங்கி ஒரே வாரத்தில் அள்ளிக்கொண்டு போகிற ஆட்டங்கள். "மேடம், இன்னும் எத்தனை நாளைக்குப் பெட்டிக்கடையே நடத்திட்டிருப்பீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முடிவாகிவிட்டது, வாலு. இனி ஒரே ஆட்டம். பெரிய ராஜ்ஜியம், போர், குதிரைப்படை, நிஜம்போலப் பெய்கிற மழை. பெயர் இன்னும் வைக்கவில்லை. இங்கே எல்லோரும் "பெருசு" என்கிறார்கள். காலையில் வந்ததும் ஒருவரையொருவர் "பெருசு எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொள்கிறார்கள், வீட்டில் படுத்திருக்கும் வயசாளியை விசாரிப்பதுபோல.

எனக்கும் சந்தேகம் இல்லாமல் இல்லை. ஆனால் கடைகளில் முன்வரிசை முழுக்கப் பெரிய ஆட்டங்களுக்கே போகிறது. சின்னதாக ஒன்று செய்தால் அது இருப்பதே யாருக்கும் தெரிவதில்லை. 'கவுண்டர்' ஒரு அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுப்பது?

'லிஃப்ட்'டை நிறுத்திவிடு. உன் கிளைக்குப் பெருசின் கற்களை வரைகிற வேலை வரும். கோட்டைச் சுவர், பாதை, ஆற்றங்கரை, எல்லாக் கல்லும் உங்கள் பொறுப்பு. கோபப்படு. ஆனால் எழுதாமல் இருந்துவிடாதே.

அண்ணி


மார்ச் 14

அண்ணிக்கு,

கோபம் தீரட்டும் என்று இத்தனை மாதம் இருந்தேன். தீரவில்லை. அதனால் அதோடேயே எழுதுகிறேன்.

இங்கே கற்கள் அனைவரும் நலம். காய்ந்த கல், நனைந்த கல், பாசி பிடித்த கல், குதிரை மிதித்துச் சில்லுத் தெறித்த கல். சுருட்டை தெருவில் நடந்துபோகும்போது கல்லைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஒலிக்காரர் குளம்புச் சத்தத்துக்காகக் காலையிலிருந்து மாலைவரை பலகையில் கட்டையைத் தட்டுகிறார். தையற்காரர் மேலே ஏறி வந்து அவரிடம், "என்ன சார், மாடியில குதிரை கிதிரை வளக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எங்கள் ஆபீஸில் கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அண்ணி, முன்பெல்லாம் ஒரு ஆட்டம் படுத்தால் நாம் என்ன செய்வோம்? டீ குடிக்கப் போவோம். யாரால் படுத்தது என்று சண்டை போடுவோம். திரும்பி வருவதற்குள் அடுத்ததுக்கு ஒரு யோசனை கிடைத்திருக்கும். 'கவுண்டர்' அப்படித்தானே வந்தது, அதற்கு முன்னால் படுத்தவற்றிலிருந்து? இப்போது எல்லோரும் ஒரே பெருசின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம். அது தும்மினால் இத்தனை குடும்பத்துக்கும் காய்ச்சல்.

அந்தப் பயத்தில் யாரும் புதிதாக எதையும் தொடுவதில்லை. போன வாரம் சுருட்டை ஒரு யோசனை அனுப்பினாள். ராஜாவுக்குக் குதிரை ஏறப் பயம் என்று வைத்தால் என்ன? யாருக்கும் தெரியாமல் அதை மறைத்துக்கொண்டே அவன் போருக்குப் போக வேண்டும். எனக்குப் படிக்கும்போதே சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. தலைமை ஆபீஸிலிருந்து ஒரே வரியில் பதில்: இதுவரை ஓடிய எந்த ஆட்டத்தில் இப்படி இருக்கிறது?

எங்கும் இல்லை என்பதால்தானே அனுப்பினாள்!

இரண்டு பேரை எனக்கு விடுங்கள். வாரத்தில் ஒரு நாள் போதும். 'லிஃப்ட்' பாதிக்குமேல் முடிந்திருக்கிறது. சத்தமில்லாமல் முடித்துவிடுகிறோம். ஒன்றாவது கையில் இருக்கட்டும்.

வாலு

பி.கு.: அண்ணன் இளைத்துவிட்டானா? படத்தில் சட்டை தொங்குகிறது.


நவம்பர் 2

வாலு,

உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். கோட்டுக்காரரிடம் கேட்டும் பார்த்தேன். "ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க மேடம்" என்றார். முடியாது.

அண்ணன் இளைக்கவில்லை. சட்டைதான் பெரிது. அளவு பார்க்காமல் வாங்கிவிட்டேன். எனக்கு இப்போது பெரிதாக இருப்பதுதான் கண்ணில் படுகிறது.

பெருசின் வெளியீடு மறுபடி தள்ளிப்போய்விட்டது. வேறொரு கம்பெனி தன் ஆட்டத்தில் ஒரு கடலையே வைத்துவிட்டது. உடனே போர்டில், "கடல் இல்லாம நாம எப்படி இறங்குறது?" என்றார்கள். கடல் வந்தால் கப்பல் வேண்டும், கப்பல் வந்தால் துறைமுகம் வேண்டும். செலவு ஏற ஏற, எத்தனை பேர் வாங்கினால் தலை தப்பும் என்ற கணக்கும் ஏறுகிறது. தொடங்கும்போது ஒரு நகரம் வாங்கினால் போதும் என்றிருந்தது. இப்போது உலகத்தில் பாதி வாங்க வேண்டும். நிறுத்தலாம் என்றால் இவ்வளவு போட்டபின் நிறுத்த யாருக்கும் தைரியம் இல்லை. எனக்கும் இல்லை. இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

உன் கிளையில் சிலருக்கு வேறு இடங்களில் வேலை வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். இப்போது யாரும் போகக் கூடாது, வாலு. புது ஆளை எடுத்துப் பழக்க நேரமில்லை. பெருசு இறங்கியதும் கிளை பழையபடி நடக்கும், 'லிஃப்ட்' வெளிவரும். இது என் வாக்கு. நான் எழுதினால் கம்பெனி எழுதியதாக நினைப்பார்கள். நீ சொன்னால் கேட்பார்கள். சொல்.

அண்ணி


நவம்பர் 15

அண்ணி,

சொன்னேன்.

ஒலிக்காரருக்கு வானொலி நிலையத்தில் வேலை உறுதியாகியிருந்தது. வீட்டுக்கே போனேன். அவர் மனைவி மாசமாக இருக்கிறார். டீ கொடுத்துவிட்டு எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"அங்க போனா நிம்மதியான வேலைங்க. இங்க என்ன இருக்குன்னு இருக்கச் சொல்றீங்க?" என்று அவர் மனைவிதான் கேட்டார்.

"இங்க எங்க அண்ணி இருக்காங்க" என்றேன்.

ஒலிக்காரர் தம்ளரைக் கீழே வைத்தார். "சரி, நீங்க சொல்றீங்கல்ல" என்றார். அவர் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார்.

சுருட்டை ஒன்றுதான் கேட்டாள். "லிஃப்ட் வந்துருமாக்கா?" வந்துவிடும் என்றேன்.

உங்கள் வாக்கை என் வாயால் கொடுத்திருக்கிறேன். அவர்கள் உங்களை நேரில் பார்த்ததுகூட இல்லை.

வாலு


செப்டம்பர் 20

என் வாலுவுக்கு,

பெருசு இறங்கி மூன்று வாரம் ஆகிறது. செய்தி நீயும் படித்திருப்பாய். ஆனால் செய்தியில் வராததை எழுதுகிறேன்.

அது மோசமான ஆட்டம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இதுவரை நாம் செய்த எல்லா ஆட்டங்களையும் வாங்கியவர்களைச் சேர்த்தால்கூட, இந்த ஒன்றை வாங்கியவர்கள் அதிகம். அது போதவில்லை. அதே வாரம் இன்னொரு கம்பெனி தன் பெருசை இறக்கியது. அவர்களுக்கும் ராஜ்ஜியம், மழை, கடல். வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற ஒருத்தனுக்கு உட்கார்ந்து விளையாட எவ்வளவு நேரம் கிடைக்கும்? ஒரு ராஜ்ஜியத்தை ஆளுவதற்கே போதாது. இரண்டு எங்கே ஆளுவான்? ஒரு விமர்சகர் எழுதியிருந்தார்: "குறை சொல்ல எதுவுமில்லை. ஏற்கெனவே விளையாடி முடித்ததுபோல் இருக்கிறது." அதைப் படித்தபோது எனக்குக் குதிரை ஏறப் பயந்த அந்த ராஜாவின் ஞாபகம் வந்தது.

நேற்று போர்டு கூடியது. கிளைகளை மூடுகிறார்கள். உன்னுடையது முதலில். "கல்லு செஞ்சவங்கதானே" என்றார் கோட்டுக்காரர். நான் எழுந்து கத்தினேன். எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை, எதிரில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டதைப் பார்த்துத்தான் தெரிந்தது. கத்தி முடித்ததும் அவர் பொறுமையாகக் கேட்டார்: "சரி மேடம், வேற எந்த ஆட்டத்துல இருந்து இவங்களுக்குச் சம்பளம் குடுக்கலாம்? சொல்லுங்க."

ஒரு சில்லறைகூட மிச்சம் வைக்கவில்லை நாம்.

அடுத்த வாரம் உங்களுக்குத் தெரிவிப்பார்கள். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று இப்போதே தபாலில் போடுகிறேன்.

அண்ணி


செப்டம்பர் 29

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. கிளையை அதற்கு முந்தின நாளே மூடிவிட்டார்கள்.

காலையில் போனால் கதவு எங்கள் அட்டையை ஏற்கவில்லை. மெஷின் கோளாறு என்று நினைத்து ஆளாளுக்குத் தேய்த்துப் பார்த்தோம். மாடிப்படியிலேயே நின்றோம். பிறகு எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் ஒலித்தது. திரையில் முன்பின் தெரியாத ஒரு பெண், எழுதிவைத்ததைப் படித்தாள். இத்தனை நாள் உழைப்புக்கு நன்றி என்றாள். கேள்வி கேட்க வழி வைக்கவில்லை. தையற்காரர் ஸ்டூல்களைக் கொண்டுவந்து படியருகில் போட்டுவிட்டு மெஷினை நிறுத்திவைத்தார்.

ஒலிக்காரர் என்னிடம் கேட்டார்: "உங்க அண்ணிக்கு இது முன்னாடியே தெரியுமாங்க?"

"தெரிஞ்சிருந்தா எனக்கு ஒரு போன் போட்டிருப்பாங்க" என்றேன்.

நம்பித்தான் சொன்னேன். மறுநாள் உங்கள் கடிதத்தில் தேதியைப் பார்த்தேன். ஒரு போன் போட்டிருக்கலாம் அண்ணி. பாதி கேட்காவிட்டாலும் பரவாயில்லை, சொல்ல முடிந்திருக்குமே. அன்றைக்கே அவர் வானொலி நிலையத்துக்கு ஓடியிருப்பார். இப்போது போய்க் கேட்டால், அங்கே மறுபடி காலியான இடத்துக்குப் போன வாரம்தான் ஆள் எடுத்தோம் என்கிறார்கள். குழந்தைக்கு இப்போதுதான் தலை நிற்கிறது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். 'லிஃப்ட்'டை எங்களிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது குப்பை. சுருட்டை வீட்டு முன்னறையில் உட்கார்ந்து நாங்களே முடித்துக்கொள்கிறோம். கம்பெனி பெயர்கூட வேண்டாம். எல்லோரும் சம்பளமில்லாமலே சரி என்கிறார்கள். இதற்காகத்தான் இருந்தோம் என்று சொல்லிக்கொள்ளவாவது ஒன்று வேண்டும்.

வாலு


அக்டோபர் 19

வாலு,

போன் போட்டிருக்க வேண்டும். போர்டில் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கடிதம் என்றால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

'லிஃப்ட்'டைக் கேட்டேன். கொடுக்கமாட்டார்கள். கம்பெனியையே விற்கிறார்கள். வாங்குகிறவர்களுக்கு வேண்டியது பெருசின் பெயர் ஒன்றுதான், ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் விலை பேசியிருக்கிறார்கள். முடியாத ஆட்டத்தைச் சும்மா கொடுத்து, நாளைக்கு அது ஓடிவிட்டால் ஏன் கொடுத்தாய் என்று கேள்வி வருமாம். பூட்டிவைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்கிறார் வக்கீல்.

'தொலைந்த பொருள் கவுண்டர்' ஆட்டத்தையும் மாதக் கடைசியில் எடுத்துவிடுகிறார்கள். புதுப் போன்களில் ஓடுவதற்கு அதைத் திருத்த ஆள் வேண்டும், ஆள் ஏது? ஏற்கெனவே வாங்கியவர்களாலும் இனி திறக்க முடியாது.

நீ அண்ணனின் போனையும் எடுப்பதில்லையாம். தினமும் சாப்பிடும்போது போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்கிறார். என்மேல் இருக்கிற கோபத்தை அவர்மேல் காட்டாதே.

அண்ணி


ஜனவரி 23

வாலு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. இதையும் எழுதுகிறேன்.

வாங்கியவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பத்தான் என்று நினைத்துப் போனேன். பெருசின் இரண்டாம் பாகத்தை நானே நடத்த வேண்டுமாம். முதல் பாகம் ஏன் போதவில்லை என்று ஆராய்ந்துவிட்டார்களாம். "நீங்க சின்னதா யோசிச்சுட்டீங்க" என்றார் அவர்களுடைய தலைவர். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

முதலில் மாட்டேன் என்றுதான் வந்தேன். வீட்டில் இரண்டு மாதம் உட்கார்ந்து பார்த்தேன். பெட்டிக்கடையாவது திரும்பத் தொடங்கலாம் என்று அதே சாப்பாட்டு மேசையில் காகிதத்தை விரித்துவைத்தால், எதை எழுதினாலும் அதில் குதிரைப்படை வந்து நிற்கிறது. ஒரு குடையை வைத்து ஆட்டம் செய்த கை இதுதானா என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் செய்தது இது ஒன்றுதான், இதை விட்டால் எனக்கு வேறு தெரியாது. ஒப்புக்கொண்டுவிட்டேன்.

ஆள் எடுக்கும் பொறுப்பு என்னுடையது. உன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வா. ஒலிக்காரர், சுருட்டை, எல்லோரும். இது முடிந்ததும் உங்களுக்கென்று தனியாக ஒரு சின்ன அறை கேட்டு வாங்கிவிடுகிறேன். இந்த முறை நிச்சயம்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
அண்ணி


பிப்ரவரி 11

அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை நான் யாரிடமும் காட்டவில்லை.

ஒலிக்காரர் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். அங்கே காதைப் பொத்திக்கொண்டு வேலை செய்ய வேண்டும், அவ்வளவு இரைச்சல். குழந்தைக்கு ஒரு சட்டை வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். "அவரு இல்லீங்க" என்றார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. நான் நீட்டிய பையை மட்டும் வாங்கிக்கொண்டு, "இன்னொரு தடவை எதுவும் சொல்லி அவரக் கூப்புடாதீங்க" என்றார். நான் கூப்பிட வரவில்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது. சுருட்டை ஊரைவிட்டே போய்விட்டாள், நம்பரை மாற்றிவிட்டாள். புது நம்பரை எனக்குத் தரவில்லை.

எனக்கு ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. வருகிறவர்களின் பெயரும் வரிசையும் திரையில் தெரிய வேண்டும், அந்த வேலை. கஷ்டமில்லை. யாரும் என்னிடம் புதிதாக எதுவும் கேட்பதில்லை.

உங்களைத் திட்டவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். திட்டு வரவில்லை. நீங்கள் இரண்டு முறையும் மனதாரத்தான் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள், அது எனக்குத் தெரிகிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது. மறுபடி ஒரு வீட்டுக்குப் போய், டீ குடித்துவிட்டு, எங்கள் அண்ணி இருக்கிறார்கள் என்று சொல்ல என்னால் ஆகாது. நீங்களும் கேட்காதீர்கள். எழுதவும் வேண்டாம்.

அண்ணனோடு நேற்றுப் பேசினேன். அவனைப் பார்க்க அவ்வப்போது வருவேன். நீங்கள் ஆபீஸில் இருக்கிற நேரமாகப் பார்த்து வந்துவிட்டுப் போகிறேன். அதில் சிரமம் இருக்காது என்று அவனே சொன்னான். நீங்கள் வீட்டுக்கு வருவதே இல்லையாம்.

இப்படிக்கு,
உங்கள் கணவரின் தங்கை